காட்ட முடியாத படங்கள்

"பட்டனை அமத்துறதுக்கு இவ்வளவு காசா?"

தம்பிலுவிலில் படம் எடுத்துச் சீவியம் நடத்தும் ஒரு பெண் கிழமைக்கு இரண்டு தடவையாவது இந்தக் கேள்விக்கு முகம் கொடுக்கிறாள். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். தையல் மெஷினில் இருப்பவளிடம் துணி எவ்வளவு போனது என்று கேட்கலாம். இடியப்பம் அவிப்பவளிடம் மாவின் விலையைக் கேட்கலாம். படம் எடுப்பவளிடம் எதைக் கேட்பது? கையில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் ஒரு பொத்தான். வெளியே தெரிவது அவ்வளவுதான்.

எங்கள் பிரதேசத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் மாதாந்தக் கூட்டத்தில் உழைப்புக்கு விலை வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. ஆளுக்காள் கணக்குச் சொன்னார்கள். இவள் மட்டும் பேசாமல் இருந்தாள். "எனக்கு நேரக் கணக்கே தெரியாது அக்கா" என்றாள். சமூகவியல் படித்தவர்களுக்கு இப்படியான இடத்தில் கொப்பியும் பேனையும் தேடும் பழக்கம் உண்டு. வைகாசி மாதத்தில் ஒரு கிழமை முழுவதும் அவளோடு போகக்கூடிய இடங்களுக்கு நானும் போனேன். போக முடியாத நேரங்களை இரவில் அவள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். பெயரைப் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டாள். ஆகவே இக்கட்டுரையில் அவள் 'தங்கச்சி'. நான் அவளை அழைப்பதும் அப்படித்தான்.

தங்கச்சி முப்பதைத் தொட்டவள். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு அக்கரைப்பற்றில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். கணினிக்கு முன்னால் இருந்து முகங்களை வெள்ளையாக்குவது, பருவை அழிப்பது, பின்னால் நிற்கும் மாட்டை எடுத்துவிட்டுப் பூந்தோட்டம் வைப்பது என்று ஐந்து வருடம் போனது. கமராவை அவள் கையில் கொடுக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக்குக் கலியாண வீட்டில் என்ன வேலை" என்பது அங்கு சொல்லப்பட்ட காரணம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா 1913இல் பிறந்தவர். ஆரம்பத்தில் அவர் எடுத்த படங்கள் கணவரின் பெயரில்தான் பத்திரிகையில் வந்தன. அவருக்குப் பத்ம விபூஷண் விருது கிடைத்தது 2011இல், 97 வயதில். மறுவருடம் காலமானார். இதைச் சொன்னபோது தங்கச்சி சிரித்தாள். "அவவுக்குப் புருசன்ர பேராவது இருந்திச்சு. எனக்கு ஸ்டூடியோட பேர்."

2018இல் சீட்டுக் காசில் பாவித்த கமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அது நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். 2022இல் ரூபாயின் பெறுமதி விழுந்த பிறகு என்றால் அந்தக் கமராவை அவளால் நினைத்துப் பார்த்திருக்கவே முடியாது. இன்றும் அதே கமராதான். ஃப்ளாஷின் மூடி உடைந்து இறப்பர் பட்டியால் கட்டியிருக்கிறது.

திங்கட்கிழமை எதுவும் நடக்கவில்லை என்றுதான் பார்ப்பவர்கள் சொல்வார்கள். தங்கச்சி வீட்டில் இருந்தாள். சனிக்கிழமை எடுத்த சாமத்திய வீட்டுப் படங்கள் ஆயிரத்துக்கும் மேல். கண் மூடிய படம், கை ஆடிய படம், பெரிய மாமிக்குப் பின்னால் சின்ன மாமி மறைந்து போன படம் என்று ஒவ்வொன்றாகக் கழித்து இருநூறாக்க வேண்டும். சின்ன மாமி மறைந்த படத்தை அல்பத்தில் வைத்தால் அந்தக் குடும்பத்தில் ஒரு வருடத்துக்குக் கதை இருக்கும். ஆர் ஆருக்குப் பக்கத்தில் நின்றார்கள், ஆர் நிற்க மாட்டோம் என்றார்கள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. (பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடம்பில் நடந்ததை ஊருக்கு அறிவிக்கும் இந்த விழாவைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. அது இன்னொரு நாளைக்கு.) காலை எட்டரைக்குத் தொடங்கியவள் பின்னேரம் ஆறு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பினாள். இடையில் அடுத்த வீட்டுப் பிள்ளை அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தாள். திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அடையாள அட்டைக்கான படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு செய்த ஸ்டூடியோதான் எடுக்கலாம். மாதம் தவறாமல் வரக்கூடிய அந்தச் சின்னக் காசு, கடை இல்லாத காரணத்தால் அவளுக்கு வருவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு அம்மா வந்தார். எழுபதைக் கடந்தவர், திருக்கோவில் பக்கம். கையில் ஷொப்பிங் பேக், அதற்குள் துணி, துணிக்குள் ஒரு படம்.

எங்கள் பகுதியில் 1990ஆம் ஆண்டைப் பற்றி அறியாதவர்கள் இல்லை. அந்த வருடம் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத பிள்ளைகளின் தாய்மார் இன்றும் திருக்கோவிலில் படங்களை ஏந்திக்கொண்டு வீதியில் நிற்கிறார்கள். அந்தப் படங்கள் எங்கிருந்து வருகின்றன என்று நான் யோசித்ததில்லை. பிள்ளையைக் கொண்டுபோகும்போது அடையாள அட்டையும் அவனோடு போய்விடும். வீட்டில் மிஞ்சுவது ஏதாவது பள்ளிக்கூடக் குழுப்படம், அல்லது யாருடையதோ கலியாணத்தில் கதிரை தூக்கிக்கொண்டு ஓரமாக நின்ற படம். அதற்குப் பிறகு 2004 மார்கழி 26. இலங்கையில் கடல்கோளுக்கு ஆகக் கூடுதலான உயிர்களைக் கொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம். கடல் ஆட்களோடு அல்பங்களையும் கொண்டுபோனது. தாய்மார் உள்ளூரில் இருக்கும் சொந்தக்காரரின் அல்பங்களைப் புரட்டி, அங்கே பின்வரிசையில் பெருவிரல் நகமளவு நிற்கும் தங்கள் பிள்ளையைத் தேடி எடுத்து வருகிறார்கள். தங்கச்சி அதைக் கமராவில் பிரதி எடுத்து, பெருப்பித்து, கீறல்களை நீக்கிக் கொடுக்கிறாள். வெயிலில் பிடித்துப் பிடித்து அச்சு மங்கிவிடும். சில வருடங்களுக்கு ஒரு தடவை மீண்டும் எடுக்க வேண்டும். இந்த அம்மா அவளிடம் வருவது மூன்றாவது தடவை.

படத்தில் இருப்பவன் பத்தொன்பது வயதுப் பெடியன். மீசை அப்போதுதான் அரும்பியிருக்கிறது. அம்மா கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு கேட்டார்:

"மகள், இவனுக்கு வயசைக் கூட்டித் தர ஏலுமா?"

எனக்கு விளங்கவில்லை. தங்கச்சிக்கு உடனே விளங்கியது.

"இப்ப அவனுக்கு அம்பத்திச் சொச்சம். தல நரைச்சிருக்கும். இந்த முகத்தக் காட்டி எங்கயாவது கண்டீங்களா எண்டு கேட்டா, கண்டவனும் இல்ல எண்டுதானே சொல்லுவான்?"

இன்றைக்கு அது பெரிய வேலை இல்லை. சின்னப் பிள்ளைகள் போனில் விளையாட்டாகச் செய்கிறார்கள். தங்கச்சி அந்த அம்மாவின் காலடியில் நிலத்தில் குந்தினாள். "ஏலும் அம்மா. ஆனா காணாமல் போனோர் அலுவலகத்துக்கு நீங்க குடுத்த ஃபைலில இந்தப் படந்தான் இரிக்கி. ரெண்டும் வேற முகமா இருந்தா நாளைக்கு அவங்களே கேள்வி கேப்பாங்க. இதையே வடிவா எடுத்துத் தாறன்" என்றாள். 2016ஆம் ஆண்டின் சட்டத்தின்படி உருவான அந்த அலுவலகத்துக்கு மட்டக்களப்பில் ஒரு பிராந்தியக் கிளை இருக்கிறது. அம்மா அங்கே போய் வந்தவர்தான். 'ஃபைல்' என்ற சொல் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தலையை ஆட்டினார். அச்சுக் கூலி மட்டும் வாங்கப்பட்டது. அம்மா போகும்போது நேரம் பதினொன்றரை. கொப்பியில் 'பிரதி எடுத்தல், இரண்டரை மணித்தியாலம்' என்று எழுதினேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அன்றிரவு லப்டொப்பில் அந்த முகத்துக்கு வயதைக் கூட்டிப் பார்த்ததாகத் தங்கச்சி சொன்னாள். அழித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை.

புதனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு நிறுவனம் கோழிக்கூடு வழங்கியது. படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். கூடு, கூட்டுக்குப் பக்கத்தில் பயனாளி, பயனாளியின் முகத்தில் சிரிப்பு. எங்கள் துறையில் அறிக்கைக்கு ஆதாரம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வாங்கும் கையை எடுத்தால் போதாதா, முகம் எதற்கு என்று தங்கச்சி அங்கேயே கேட்டாள். முகம் வேண்டும் என்றார்கள். எடுத்தாள். இதே நிறுவனம் மாசி மாதத்துப் படங்களுக்கு இன்னும் காசு தரவில்லை. இரண்டு தடவை பில் கொடுத்தாகிவிட்டது.

வியாழக்கிழமை சாய்ந்தமருதில் கலியாணம்.

தம்பிலுவிலில் இருந்து வடக்கே போகிற பஸ்ஸில் அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு எல்லாம் தாண்டிச் சாய்ந்தமருது வரும். அதற்கு அடுத்தது கல்முனை. தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகிற வீதி இது. தங்கச்சியின் உழைப்பில் அரைவாசிக்கு மேல் முஸ்லிம் வீடுகளில் இருந்து வருகிறது. காரணம் எளிது. கலியாண வீட்டில் பெண்கள் பக்கம் வேறு, ஆண்கள் பக்கம் வேறு. பெண்கள் பக்கத்தில் உம்மாவும் ராத்தாமாரும் மாமிமாரும் முந்தானை விலகி, தலைத்துணி இல்லாமல், நகையும் சிரிப்புமாக இருப்பார்கள். அங்கே ஆண் படப்பிடிப்பாளர் போக ஏலாது. பெண் வேண்டும். இந்தக் கரையில் அப்படிப்பட்ட பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

வாசலில் பெரிய கூடை ஒன்று வைத்திருந்தார்கள். அதற்குள் எல்லாருடைய போன்களும். மணப்பெண்ணின் உம்மா வந்து தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். "போனெல்லாம் வெளிய வெச்சிட்டுத்தான் உள்ள வரச் சொல்லிரிக்கம் மகள். நீங்க மட்டுந்தான் புடிக்கணும். ஒரு படமும் வெளிய போயிரப்படாது."

நிக்காஹ் நடந்த இடத்தில் மாப்பிள்ளையின் கையைப் பெண்ணின் வாப்பா பிடித்திருந்தார். அங்கே ஆண் படப்பிடிப்பாளர் இரண்டு கமராவும் பறக்கும் ட்ரோனும் வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். பெண் உள்ளே அறையில் இருந்தாள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவேட்டில் மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கேட்பதில்லை. இதை மாற்ற வேண்டும் என்று முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் பல வருடங்களாகப் போராடி வருகின்றன. தங்கச்சி இந்தச் சட்டத்தையெல்லாம் படித்தவள் அல்ல. ஆனால் எத்தனையோ நிக்காஹ் எடுத்தவள். "தமிழ்க் கலியாணத்தில கையெழுத்து வைக்கிற படம் கட்டாயம் கேப்பாங்க அக்கா. இஞ்ச பொம்பளக்கி அந்தப் படம் இல்ல. அதுக்குப் பதிலா நான் மருதாணிக் கைய எடுப்பன்" என்றாள்.

அன்று அவள் எடுத்த படங்களில் ஒன்றைப் பிறகு கமராவின் சின்னத் திரையில் பார்க்க அந்த உம்மா அனுமதித்தார். எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன நேரம். பெண்ணும் அவளுடைய மூத்தம்மாவும் கட்டிலில் இருக்கிறார்கள். மூத்தம்மா சஹனில் இருந்து ஒரு பிடி எடுத்து ஊட்டுகிறார். பெண்ணின் கண் கலங்கியிருக்கிறது, வாய் நிறையச் சோறு. யன்னல் வெளிச்சம் இருவரின் தலைமுடியிலும் விழுகிறது. நான் பத்திரிகைகளிலும் கண்காட்சிகளிலும் பார்த்த எந்தப் படத்துக்கும் அது குறைந்ததல்ல.

அந்தப் படத்தை அந்த வீட்டாரையும் என்னையும் தவிர வேறு ஒருவரும் பார்க்கப் போவதில்லை. சுயமாகப் படம் எடுப்பவர்களுக்கு அடுத்த வேலையைத் தேடித் தருவது முந்திய வேலைதான். மற்றவர்கள் நல்ல படங்களை ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள், கடைக் கண்ணாடியில் தொங்கவிடுகிறார்கள். அதைப் பார்த்து ஆட்கள் வருகிறார்கள். தங்கச்சியின் ஃபேஸ்புக் பக்கத்தில் இருப்பதோ சாமத்திய வீட்டுத் தட்டங்களும், கோழிக்கூடும், திருக்கோவில் கடற்கரையும். ஆகத் திறமாக எடுத்தவை காட்ட முடியாதவை. காட்டாமல் இருப்பதற்காகத்தான் அவளுக்கு வேலையே கிடைக்கிறது. ஆனால் காட்டாததால் விலையை ஏற்ற முடியவில்லை. "உங்கட பக்கத்தில பெரிசா ஒண்டும் இல்லையே தங்கச்சி" என்று சொல்லி விலை குறைப்பவர்களுக்கு அவளால் என்ன பதில் சொல்ல முடியும்? அன்று ஆண்கள் பக்கம் எடுத்தவருக்குக் கிடைத்ததில் அரைவாசிதான் அவளுக்குப் பேசப்பட்டிருந்தது. வேலை இருவருக்கும் ஒரே அளவு நேரம்.

இரவு பதினொரு மணிக்கு அவளுடைய தம்பி மோட்டார்சைக்கிளில் வாசலில் நின்றான். வெளியே எடுக்கும் ஒவ்வொரு இரவு வேலைக்கும் அவன் வர வேண்டும், எண்ணெய் அடிக்க வேண்டும். இதுவும் பில்லில் இல்லை. 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, அந்தச் சித்திரை 26இல் சாய்ந்தமருதில் நடந்ததற்குப் பிறகு, மாதக்கணக்காக அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு வேலையும் வரவில்லை. ஊரில் சிலர் போகாதே என்றார்கள். அங்கே சிலர் தமிழ்ப் பெட்டையை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டிருக்கலாம். முதலில் போன் எடுத்தது சாய்ந்தமருதில் முன்பு கலியாணம் எடுத்துக் கொடுத்த வீட்டு உம்மா ஒருவர். இளைய மகளுக்கு நாள் வைத்திருந்தார். "ஆரையும் நம்பி உள்ளுக்க விட ஏலாது மகள், நீங்க வாங்க" என்றாராம். தங்கச்சி போனாள். வீதியில் சோதனைச் சாவடிகளில் கமராப் பையைத் திறந்து காட்டிக் காட்டித்தான் போய்ச் சேர்ந்தாள்.

வெள்ளி முழுவதும் அந்தக் கலியாணப் படங்களோடு இருந்தாள். இந்த வேலைக்கென்று அவளிடம் இன்ரநெற் இணைக்காத பழைய லப்டொப் ஒன்று இருக்கிறது. தெரிவு செய்து முடித்ததும் பென் டிரைவில் போட்டு உம்மாவின் கையிலேயே கொடுப்பாள். மெமரி காட்டை அவர்களுக்கு முன்னாலேயே அழிப்பாள். உண்மையான கஷ்டம் அல்பத்தில்தான். அச்சடிக்கும் இடங்களில் வேலை செய்வது பெரும்பாலும் ஆண்கள். கல்முனையில் ஓர் இடத்தில் ஒரு பெண் பிள்ளை மெஷினில் நிற்கும் நேரம் பார்த்துப் போய், கடைசித் தாள் வெளியே வரும்வரை பக்கத்தில் நின்று, பழுதாகப் போன தாள்களையும் எண்ணி வாங்கிக்கொண்டு வருவாள். ஞாயிற்றுக்கிழமை அப்படி நாலு மணித்தியாலம் நானும் நின்றேன். கால் கடுத்தது.

வெள்ளி இரவு எங்கள் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போனோம். வைகாசிச் சடங்குக்கு ஊரே திரண்டிருந்தது. தங்கச்சி கமராவைக் கொண்டு வரவில்லை. கேட்டதற்கு, "ஒரு நாளாவது ரெண்டு கண்ணாலயும் பாக்கணுமே அக்கா" என்றாள்.

சனிக்கிழமை எங்கள் ஊரிலேயே ஒரு கலியாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் புது வீட்டின் முகப்பில் நிறுத்தி ஒரு படம் எடுத்தாள். தமிழர் என்றாலும் முஸ்லிம் என்றாலும் எங்கள் கரையில் இந்தப் படம் இல்லாத கலியாண அல்பம் இல்லை. வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளைதான் வந்து சேருகிறவர். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தாய்வழிக் குடிமுறையிலும் பெண்வழியாக வீடு போவதிலும் இங்குள்ள இரு சமூகங்களும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று விரிவாக எழுதியிருக்கிறார். வெளியாட்கள் இதைக் கேட்டால் பெண்களுக்கு இங்கே எவ்வளவு உரிமை என்று வியப்பார்கள். வீட்டைக் கட்டி முடிக்காமல் மகளுக்குக் கலியாணம் பேச முடியாத தாய்மாரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

தங்கச்சிக்குத் தகப்பன் இல்லை. அவளுடைய வீட்டை அவளேதான் கட்டுகிறாள். இரண்டு அறை, ஒரு விறாந்தை. சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்து நிற்கிறது. ஒவ்வொரு கலியாணக் காசிலும் கொஞ்சம் கல், கொஞ்சம் சீமெந்து. 2022இல் சீமெந்து விலை ஏறியபோது நின்ற வேலை, இப்போதுதான் மறுபடி தொடங்கியிருக்கிறது. "இரவு பன்னெண்டுக்கு வாற பிள்ளைய ஆரு கட்டுவான்" என்று அவளுடைய அம்மா கவலைப்படுகிறார். அந்தப் பன்னிரண்டு மணி வேலையில்தான் கலியாணத்துக்கான வீடு எழும்புகிறது என்பதும் அம்மாவுக்குத் தெரியும்.

ஞாயிறு பின்னேரம் கொப்பியை வைத்துக்கொண்டு இருவரும் கூட்டினோம். ஏழு நாளில் 61 மணித்தியாலம். அதில் கமரா கண்ணோடு இருந்தது 13. மிச்சம் தெரிவு, திருத்தம், பிரயாணம், அச்சடிக்கும் இடத்தில் காவல், விலை பேச்சு, காசு கேட்டுப் போன் எடுத்தது. பட்டன் அமத்துகிற வேலையில் பட்டன் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சந்தான் மேல்.

நான் மாதச் சம்பளக்காரி. என் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு வெட்டி, நிறுவனம் பன்னிரண்டு சேர்த்து ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. 1958ஆம் ஆண்டின் சட்டம் அது. தங்கச்சியைப் போன்றவர்களுக்கு அந்தப் பன்னிரண்டைச் சேர்க்க ஆள் இல்லை. ஆனால் சுயதொழில் செய்பவர்களுக்கென்று இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சபை இது. வயதுக்கேற்ற தவணையைக் கட்டி வந்தால் முதுமையில் மாதாந்தம் ஒரு தொகை கிடைக்கும். இளம் வயதில் சேர்ந்தால் தவணை குறைவு. பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். எங்கள் கூட்டத்துக்கு வரும் பெண்களில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

கணக்கு முடிந்ததும் தங்கச்சி ஒரு வெள்ளைத் தாள் எடுத்தாள். புது விலைப்பட்டியல் எழுதத் தொடங்கினாள். படம் எடுத்தல், தெரிவும் திருத்தமும், இரவுப் பிரயாணம் என்று தனித்தனியாக எழுதி, நாலாவது வரியில் பேனையை நிறுத்தினாள். "இதுக்கு என்ன பேர் வைக்கிற அக்கா?" என்று கேட்டாள். காட்டை அழிப்பதும், மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பதும், வாய் திறக்காமல் இருப்பதும் எல்லாம் சேர்ந்த வரி அது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவளே எழுதினாள்: 'பொறுப்பு'. அதற்கு நேரே ஒரு தொகை எழுதினாள். வெட்டினாள். முதல் எழுதியதைவிடக் கொஞ்சம் கூட்டி எழுதினாள்.

அடுத்த கலியாணம் மருதமுனையில். பெண்ணின் உம்மாவுக்குப் பட்டியலை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. இரவு ஒன்பதரைக்குத் தங்கச்சி எனக்குப் போன் எடுத்தாள். முற்பணம் போட்டிருக்கிறார்களாம். நாலாவது வரியைப் பற்றி மட்டும் நேரில் கதைக்க வேண்டுமாம்.